29 அங்குலமா, 27.5 அங்குலமா? பின்னாலும் சஸ்பென்ஷன் வேண்டுமா?

மவுண்டன் பைக் வாங்கப் போனால் முதல் குழப்பம் சக்கர அளவுதான். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 29-க்கு 622 மில்லிமீட்டர், 27.5-க்கு 584. வெறும் 38 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் கல்லும் வேரும் கிடக்கிற பாதையில் பெரிய சக்கரம் குழியில் சிக்காமல் உருண்டு போய்விடும், எடுத்த வேகத்தையும் எளிதில் விடாது. 27.5 சட்டென்று திரும்பும், மிதித்ததும் கிளம்பும். உயரம் குறைந்தவர்களுக்கு அதுதான் தோது. (முன்னால் 29, பின்னால் 27.5 போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு.)

சஸ்பென்ஷனில் நான் ஹார்ட்டெயில் கட்சி. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் மட்டும் சஸ்பென்ஷன், பின்பக்கம் வெறும் ஃபிரேம், அதனால் எடை குறைவு, மேட்டில் மிதிக்கிற பலமும் அதிகம் வீணாகாது. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷனில் பின் சக்கரம் தரையோடு ஒட்டிப் போகும், இறக்கத்தில் முதுகு தப்பிக்கும், சரி. ஆனால் பின் ஷாக், ஃபிரேமின் பின்பாகம் அசையும் மூட்டுகளில் இருக்கும் பிவட் பேரிங் என்று பராமரிப்புச் செலவு கூடும், அதுவும் ஒரே விலையில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஹார்ட்டெயிலில்தான் நல்ல பிரேக்கும் ஃபோர்க்கும் கிடைக்கும். மலிவான ஃபுல் சஸ்பென்ஷனைத் தொடவே வேண்டாம், ஒவ்வொரு மிதிக்கும் ஊஞ்சல் ஆடும். வாரம் தவறாமல் கரடுமுரடான இறக்கத்தில் போகிறவர் என்றால் மட்டும் காசு சேர்த்து நல்லதாக வாங்குங்கள்.