பத்தாவதுக்கு அப்புறம்: தொழிற்கல்வி ப்ளஸ் டூவா, செய்முறைத் தனியார் பள்ளியா?

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் மே மாதம் வந்தாலே நம் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சுதான். என் பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு வழியில் படித்தவர்கள்.

செலவு: 1983-84இல் கேரளத்தில் தொடங்கிய வி.எச்.எஸ்.இ. (தொழிற்கல்வி ப்ளஸ் டூ) அரசுப் பள்ளியில் கைக்கு அடக்கம். கைவேலை செய்தே படிக்கவைக்கும் தனியார் பள்ளியில் ஹாஸ்டலும் சேர்ந்தால் கணக்கு எகிறும்.

கைவேலை: வி.எச்.எஸ்.இ.யில் ஒரே தொழில், இரண்டு வருடம். தனியாரில் தச்சு, தோட்டம், மண்பாண்டம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம். பெரியவன் விவசாயப் பிரிவு. மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும்போது கத்தி சறுக்கி மூன்று கன்று வீணானது. நாலாவது தளிர்த்ததும் பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தான். அது இப்போது எங்கள் முற்றத்தில் நிற்கிறது. சின்னவளுக்காக முதலில் போய்ப் பார்த்த ஒரு தனியார் பள்ளியிலோ உளியும் இழைப்புளியும் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தன. அப்படியே திரும்பிவிட்டோம். சேர்க்கும் முன் அங்குள்ள பிள்ளைகளிடம், "நீ செய்ததைக் காட்டு கண்ணு" என்று கேளுங்கள்.

பரீட்சை: வி.எச்.எஸ்.இ. சான்றிதழ் ப்ளஸ் டூவுக்குச் சமம், கல்லூரிக்கும் போகலாம். செய்முறைத் தனியார் பள்ளிகள் பல என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வழியாக எழுதவைக்கின்றன. 5 வருடத்தில் 9 வாய்ப்பு. பயந்த பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

தொழில் எதுவென்று தெரிந்த பிள்ளை, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீடு என்றால் வி.எச்.எஸ்.இ. எது பிடிக்கும் என்று இன்னும் தேடுகிற பிள்ளை, கட்டணத்துக்குக் கடன் வாங்கத் தேவையில்லாத வீடு என்றால் தனியார்.