ஜாகுவார் எக்ஸ்ஜே கூபே: வினைல் கூரையை உரித்து வண்ணம் பூசிக் கொடுத்த பட்டறை

1976இல் தயாரான என் ஜாகுவார் எக்ஸ்ஜே6 கூபேயின் (இரு கதவுக் காரின்) கூரைத் தகட்டின்மேல் ஒட்டியிருந்த கறுப்பு வினைல் உறையை முற்றிலும் அகற்றிவிட்டு, வண்டியின் நீல நிறத்தையே கூரைக்கும் பூசித் தரும் பணியைக் இங்கிலாந்தின் கவன்ட்ரிக்கு அருகிலுள்ள ஒரு சிறு பட்டறையிடம் சென்ற ஆண்டு ஒப்படைத்தேன். ஆறு வாரம் என்று சொன்ன வேலைக்குப் பதினோரு வாரம் பிடித்தது. 3,200 பவுண்டு என்ற மதிப்பீடு 4,650 பவுண்டில் போய் நின்றது. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனெனில் கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி பாராட்டுதான்.

இந்த வண்டிக்கு வினைல் ஏன் வந்தது என்று தெரிந்தால்தான் அதை எடுப்பதிலுள்ள சிக்கல் புரியும். 1973இல் அறிவிக்கப்பட்டு, 1975இல்தான் விற்பனைக்கு வந்து, 1977இல் நிறுத்தப்பட்ட இந்த கூபே, ஜாகுவாரின் துணைப் பெயரான டெய்ம்லர் பெயரில் வந்தவற்றையும் சேர்த்துப் பத்தாயிரத்துச் சொச்சம் வண்டிகளோடு முடிந்துபோனது. நான்கு கதவு வண்டியில் இருக்கும் நடுத்தூண் இதில் கிடையாது. கண்ணாடிகளை இறக்கிவிட்டால் பக்கவாட்டில் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு. அழகும் அதில்தான் இருக்கிறது, தொல்லையும் அதில்தான் இருக்கிறது. தாங்கும் தூண் ஒன்று குறைந்த கூரை ஓட்டத்தில் சிறிது முறுக்கிக்கொள்ளும் என்றும், பின்தூண் (பக்கக் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் இடையிலுள்ள தூண்) கூரையோடு சேரும் இடத்தில் அக்காலத்து வண்ணப்பூச்சு அதைத் தாங்காமல் வெடிக்கும் என்றும், அதை மறைக்கவே தொழிற்சாலை எல்லா கூபேகளுக்கும் வினைல் ஒட்டியது என்றும் ஜாகுவார்க்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். எழுபதுகளில் வினைல் கூரை நாகரிகமாகவும் இருந்தது என்பதால் யாரும் குறை சொல்லவில்லை.

ஆகவே இந்த வேலை உண்மையில் அந்த இரண்டு இணைப்புகளைப் பற்றியது. வண்ணம் அதற்குப் பின்னால் வருவது. நான் விசாரித்த இடங்களில் ஒன்று, "உரித்து, பட்டி பார்த்து, ஒரு வாரத்தில் அடித்துத் தந்துவிடலாம்" என்றது. இந்தப் பட்டறையின் உரிமையாளரோ பின்தூணின் அடியில் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, வினைலைப் பிரிக்கும் வரை உறுதியான தொகை எதையும் தர இயலாது என்றார். மதிப்பீடு தவறியதற்கு அவரை நான் குறை கூறாததற்கு அந்தப் பதிலே காரணம்.

முன் கண்ணாடி, பின் கண்ணாடி இரண்டையும் கழற்றியே வேலையைத் தொடங்கினார்கள். வினைலின் விளிம்பு கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பருக்குள் செருகியிருப்பதால், கண்ணாடியை எடுக்காமல் ரப்பர் ஓரமாகக் கத்தியால் அறுத்து உரிப்பது பிற்காலத்தில் துருவுக்கு வழி திறந்து வைப்பதாகும். சூட்டுக் காற்றால் பசையை இளக்கிப் பட்டை பட்டையாக உரித்து, மிஞ்சிய பசையைக் கரைப்பானால் துடைத்தெடுத்தார்கள். கூரைத் தகடு மெல்லியது. கம்பித் தூரிகைச் சக்கரத்தை ஒரே இடத்தில் ஓட்டினாலும் சூட்டில் அது நெளிந்துவிடும் என்பதால் அதைத் தொடவே இல்லை என்றார்கள். உள்ளே கண்டது நான் அஞ்சியதைவிடப் பரவாயில்லை, ஆசைப்பட்டதைவிட மோசம். நடுப்பரப்பில் துரு இல்லை. பின் கண்ணாடியின் கீழ் மூலைகள் இரண்டும் அரித்துப் போயிருந்தன; இந்த வரிசை ஜாகுவார்கள் எல்லாவற்றுக்கும் அது பழக்கமான இடந்தான். அவற்றை வெட்டிப் புதுத் தகடு வைத்து இணைத்தார்கள். விளிம்புப் பட்டைகளுக்காக இட்டிருந்த துளைகளையும் பற்றவைத்து அடைத்தார்கள்.

பின்தூண் இணைப்பை நிரவத் தொழிற்சாலை உருக்கி இட்டிருந்த ஈயம் மேடும் பள்ளமுமாக இருந்தது. வினைல் மறைத்துவிடும் என்ற தைரியத்தில் அன்றைய தொழிலாளி அரத்தை அங்கே அதிகம் ஓட்டவில்லை போலும். சாதாரணப் பட்டியால் அதை நிரவிவிடுவது எளிது. இரண்டு குளிர்காலத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்துவிடும். இவர்கள் பழைய ஈயத்தை வழித்தெடுத்து, மடிப்பை முழுநீளத்துக்கும் வலுவாகப் பற்றவைத்து, பிறகு எழுபது பங்கு ஈயமும் முப்பது பங்கு வெள்ளீயமும் கலந்த கம்பியை உருக்கி மறுபடியும் ஈயமே இட்டார்கள். அந்தக் கலவை 183 பாகை செல்சியஸுக்கும் 255 பாகைக்கும் இடையே முழுதும் உருகாமலும் உறையாமலும் பிசைந்த மாவு போல நிற்கும். அந்தப் பதத்தில் மரக்கரண்டியால் வழித்து வடிவம் கொடுக்க வேண்டும். தூசி நஞ்சு என்பதால் உப்புத்தாள் போடாமல் அரத்தால் மட்டுமே சீவினார்கள். ஒட்டுவதற்காகத் தடவிய அமிலத்தையும் கழுவி முறித்தார்கள். அமிலம் மிஞ்சினால் மாதங்கள் கழித்து மேற்பூச்சு கொப்பளிக்கும். நான் நேரில் நின்று பார்த்த பிற்பகல் அது ஒன்றுதான். அறுபது வயதைக் கடந்த ஒருவர் ஒரு பக்கத்துக்கு மூன்று மணி நேரம் செலவிட்டார். நான் கொடுத்த பணத்தில் சற்றும் உறுத்தாத பகுதி அந்த மூன்று மணி நேரத்துக்குரியது.

எபாக்சி ப்ரைமர் என்னும் அடிப்பூச்சு, அதன்மேல் கனத்த ப்ரைமர், கட்டை வைத்துத் தேய்த்தல், பிறகு கடினமாக்கி கலந்த இரட்டைக்கலவை வண்ணம் என்ற வரிசையில் மீதி வேலை நடந்தது. பழைய அக்ரிலிக்கைவிட இது தகட்டின் அசைவைத் தாங்கும் என்பதால்தான் வினைல் இல்லாத கூபே இன்று சாத்தியமாகிறது. நிறப் பொருத்தத்தில் மட்டும் எனக்கும் அவர்களுக்கும் ஒரு சிறு வாக்குவாதம் நேர்ந்தது. கூரையை மட்டும் பூசினால் போதும் என்று நான் சிக்கனம் பேசினேன். வினைல் போனபின் கூரையும் பின்பக்கத் தகடும் ஒரே பரப்பாக ஓடுகின்றன, நிறத்தை நிறுத்த ஒரு கோடுகூட அங்கே இல்லை, பழைய நீலமோ வெயிலில் வெளிறியிருக்கிறது, எனவே இரு பின்பக்கங்களையும் சேர்த்தே பூச வேண்டும் என்று அவர்கள் வாதிட்டார்கள். அவர்கள் சொன்னதே சரி. உலோகத் துகள் கலந்த நிறமாக இருந்திருந்தால் கதவுகளையும் சேர்க்க வேண்டியிருந்திருக்கும்.

இனிக் குறைகள். பின் கண்ணாடியைத் திரும்பப் பொருத்தியவர் பழைய ரப்பரையே மாட்டிவிட்டார். வினைலின் கனம் போனபின் அது தளர்ந்து நின்று, முதல் மழையிலேயே பின்னிருக்கைக்கு மேலிருக்கும் தட்டு நனைந்தது. புது ரப்பரைக் கட்டணமின்றி மாட்டித் தந்தார்கள், ஆனாலும் வண்டியை மறுபடி கொண்டுபோய்விட்டு வர எனக்கு ஒரு நாள் வீணாயிற்று. உட்கூரைத் துணியின் ஓரத்தில் ஒரு விரற்கறை இன்னும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து வாரம் அதிகமான காலத்தில் அவர்களாக என்னை ஒருமுறைகூட அழைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வேண்டும் என்பவர்களுக்கு இந்த மாற்றம் பிடிக்காது. விற்கும்போது அவர்கள் அதைச் சொல்லி விலையைக் குறைப்பார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். ஒரு குளிர்காலமும் ஏறத்தாழ 2,000 மைலும் கடந்துவிட்டன. சாய்வான மாலை வெயிலில் கூரைமேல் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்தூண் இணைப்பைத் தேடினேன். எந்த இடத்தில் இருந்தது என்று தெரிந்த எனக்கே கோடு அகப்படவில்லை. காற்றிரைச்சல் மட்டும் முன்போலவே கேட்கிறது. கூபேயின் கதவுக் கண்ணாடிகள் புதிதாயிருந்தபோதே சரியாகப் படியாதவை, அதைத் தீர்க்க இந்தப் பட்டறையை நான் கேட்கவும் இல்லை.