18,500 ரூபாய் போச்சு: ஸ்கூபா பேக்கேஜ் வாங்கும் ஊட்டிக்காரர்களே, உஷார்!

நேற்றுதான் பாண்டிச்சேரியிலிருந்து திரும்பினோம். சிலிண்டர் மாட்டிக் கடலடியில் நீந்தும் ஸ்கூபாவுக்காகப் போய், கடலில் இறங்காமலே 18,500 ரூபாய் போய்விட்டது. என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஊட்டியில் ஒரு டிராவல்ஸ் கடை. இரண்டு பேருக்கு ஸ்கூபா, வேன், ரூம், 'மெடிக்கல்' எல்லாம் சேர்த்து அந்தத் தொகை. தம்பிக்கு வீசிங், இன்ஹேலர் எடுப்பான் என்று முதலிலேயே சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா, ஃபார்ம்ல எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் போடுங்க" என்று கடைப் பையன் டிராயரைத் திறந்தான். உள்ளே டாக்டர் கையெழுத்தும் சீலும் போட்ட ஃபிட்னஸ் சர்டிபிகேட்டுகள்; பெயர் எழுதும் கோடு மட்டும் காலி. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். அம்மாவின் முட்டிவலியை அக்கறையாக விசாரித்த பையன் என்று நம்பிவிட்டேன்.

தம்பி பையில் இன்ஹேலரைப் பார்த்ததும் டைவிங் பயிற்சியாளர் இருவரையுமே இறக்க மறுத்துவிட்டார். அவர் செய்ததுதான் சரி. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த மூச்சு மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் வெளியேற வழியில்லாமல் நுரையீரலைக் கிழித்துவிடும். காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் உயிரே போகலாம். சிலிண்டர் காற்று ஈரமே இல்லாமல் குளிர்ந்து வரும். வீசிங்கைக் கிளப்ப அதுவே போதும். ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி மூச்சை அளக்கும் டெஸ்ட்) எடுத்துப் பார்த்து, நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டர் சொன்னால்தான் இறங்கலாம்.

இன்னொரு அநியாயம், பயணத் திட்டம். மதியம் இரண்டு டைவ், மாலை 5 மணிக்கு வேன், விடிவதற்குள் ஊட்டி! ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கிட்டத்தட்ட விமானத்துக்குள் இருப்பதுதான். ஒரு டைவுக்குப் பின் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் பறக்கக் கூடாது என்பது மலையேறவும் பொருந்தும். உடம்பில் கரைந்த நைட்ரஜன், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரைக்கும். கை மரத்துப்போவது அதன் அறிகுறி. மலைப்பாதையில் பர்லியாறு தாண்டும்போது கை மரத்தால் குளிர் என்றுதானே நினைப்போம்?

பணத்தைக் கேட்டால் முதலில் "ஓனர் கோயம்புத்தூர் போயிருக்கார்". அப்புறம் "டிக் போட்டது நீங்கதானேக்கா". இப்போது போனே எடுப்பதில்லை. 18,500 ரூபாய்!

நிதானமாக எழுதும் மனநிலை இல்லை. ஃபார்மில் உண்மையை எழுதுங்கள். வலிப்பு, இதய நோய், காது ஜவ்வில் ஓட்டை இருந்தால் டாக்டரிடம் போகாமல் இறங்காதீர்கள். கர்ப்பிணிகள் கூடவே கூடாது. சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டும் இறங்காதீர்கள். அடியில் மருந்தின் வேகம் தீர்ந்தால் காதில் காற்று அடைபடும். திரும்பும்போது மலை ஏறுவதற்கு முன் மேட்டுப்பாளையத்தில் ஒரு ராத்திரி தங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள்.