ஆற்றின் பெயரா, ஊரின் பெயரா? பழைய கெல்டிக் மொழிகளின் தடம் தேடும் வழிகள்

செர்பியாவின் தலைநகரான பெல்கிரேடுக்கு ரோமானியர் காலத்தில் சிங்கிடூனம் என்று பெயர். பிரான்சின் லியோன் அன்று லுக்டூனம்; சுவிட்சர்லாந்தின் நியோன் நோவியோடூனம். அதே நோவியோடூனம் என்ற பெயரோடு இன்னொரு கோட்டையூர், தன்யூப் ஆறு கருங்கடலை நெருங்கும் இடத்தில், இன்றைய ருமேனியாவின் இசாக்சியாவில் இருந்தது. இவற்றின் ஈற்றில் நிற்கும் 'டூனம்' அரண் என்ற பொருளுடைய கெல்டிக் சொல்; ஐரிஷ், வேல்ஸ் மொழிகள் சேர்ந்த குடும்பம் அது. ஐரிஷ் மொழியில் இன்றும் 'டூன்' என்று வழங்குகிறது. (நாம் 'டவுன் பஸ்' என்கிறோமே, அந்த 'டவுன்' ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்த அதன் உறவுச்சொல்.) லியோனுக்கும் கருங்கடலுக்கும் இடையே ஒரே மொழிக்குடும்பத்தினர் பெயர் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள் என்று இதைக் கொண்டு சொல்லிவிடலாமா? ஊர்ப்பெயரை நம்புவோர் ஒரு பக்கமும், ஆற்றுப்பெயரே பழமையானது என்போர் மறுபக்கமும், மண்ணில் கிடைக்கும் வாளும் அணிகலனும் போதும் என்போர் மூன்றாவதாகவும் நிற்கும் வழக்கு இது.

ஆற்றுப்பெயரின் பலம் அதன் வயது. ஊர் அழியும், பெயர் மாறும். புதிதாகக் குடியேறுவோரோ ஆற்றுக்குப் பெரும்பாலும் பழைய பெயரையே வைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த வயதே அதன் பலவீனமும் ஆகிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் கிராஹே, ஐரோப்பாவின் பல ஆற்றுப்பெயர்கள் கெல்டிக், ஜெர்மானிக் போன்ற கிளைகள் பிரிந்து தெளிவாவதற்கு முந்திய ஓர் அடுக்கைச் சேர்ந்தவை என்று வாதிட்டார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் தன்யூப் என்ற பெயரின் வேர் ஈரானிய மொழிகளிலும் சமஸ்கிருதத்திலும் நீரைக் குறிக்கும் 'தானு'வோடு ஒத்துப்போகும்போது, அது கெல்டியர் வைத்த பெயர்தான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. விதிவிலக்கு இங்கிலாந்தின் ஏவன். வேல்ஸ் மொழியில் 'அவோன்' என்றால் ஆறு என்றுதான் பொருள். அந்தப் பொதுச்சொல்லைத் தனிப்பெயராக எடுத்துக்கொண்ட ஆங்கிலேயர் இன்று 'ஏவன் ஆறு' என்னும்போது 'ஆற்று ஆறு' என்கிறார்கள். இப்படிப் பொருள் வெளிப்படையாகத் தெரியும் ஆற்றுப்பெயர்கள் குறைவு.

ஊர்ப்பெயர் அப்படி ஊமையாக இருப்பதில்லை, அது பேசும். மிலானின் பழம்பெயரான மெடியோலானத்தை எடுத்துக்கொள்வோம். 'நடு', 'சமவெளி' என்ற இரு சொற்களின் கூட்டு என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். சமதளத்தைக் குறிக்கும் லத்தீன் சொல் 'பிளானுஸ்'. அந்தத் தொடக்கப் பகரம் கெல்டிக்கில் உதிர்ந்து 'லானோ' என்று நிற்கிறது. பழைய பகரத்தை இழந்தது கெல்டிக் கிளையின் கைரேகை போன்ற அடையாளம். ஆக, இந்தப் பெயரில் பொருளும் ஒலிமாற்றமும் ஒருங்கே சாட்சி சொல்கின்றன. பிரான்சின் எவ்ரோ, சான்த் ஆகிய ஊர்களும் இங்கிலாந்தின் விட்சர்ச்சும் அதே பெயரைத் தாங்கியிருந்தன.

இன்றைய வடிவத்தை மட்டும் வைத்து ஊகிப்பது ஆபத்து. இங்கிலாந்தின் யார்க் நகரப் பெயரின் பழைய வடிவம் 'எபோராக்கம்'. அதில் இருப்பது 'யூ' மரத்தைக் குறிக்கும் கெல்டிக் வேர். பின்னர் வந்த ஆங்கிலேயரின் காதில் அது காட்டுப்பன்றியைக் குறிக்கும் தங்கள் சொல்லாக ஒலிக்க, 'எயோஃபோர்விக்' ஆயிற்று. அதை ஸ்காண்டிநேவியர் 'யோர்விக்' ஆக்கினர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி தொகுத்தது போன்ற பழைய பட்டியல்கள் இல்லாவிட்டால் யார்க்கில் கெல்டிக்கைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஊர்ப்பெயருக்கும் ஒரு பெரிய குறை உண்டு: அது நாகரிக வழக்காகவும் பரவும். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் 'டூனம்' அரிது; அங்கே கோனிம்ப்ரிகா, செகோப்ரிகா என்று குன்றையோ குன்றரணையோ குறிக்கும் 'ப்ரிகா'வே எங்கும் காணப்படுகிறது. ஆனால் அதே நிலத்தில் யூலியோப்ரிகா, ஃபிளாவியோப்ரிகா ஆகியவையும் உள்ளன. முன்பாதியில் இருப்பது ரோமப் பேரரசர் குடும்பத்தின் பெயர். பிரான்சின் ஓதான் நகரமும் அகஸ்டஸ் பெயரால் அகஸ்டோடூனம் ஆனது. இவை ரோமானியர் ஆட்சியில் அந்த ஈறு இன்னும் புழங்கியதைக் காட்டுமே தவிர, கெல்டியர் எப்போது வந்தனர் என்பதைக் காட்டா. 2006இல் கெல்டிக் ஆய்வாளர் பாட்ரிக் சிம்ஸ்-வில்லியம்ஸ் பண்டைய ஐரோப்பா, சின்ன ஆசியா (இன்றைய துருக்கிப் பகுதி) முழுவதும் கெல்டிக் கூறுடைய பெயர்களின் அடர்த்தியை வரைபடமாக்கினார். அத்தகைய வரைபடம் பல நூற்றாண்டுகளை ஒரே தாளில் மடித்து வைக்கிறது. எங்கே பேசினர் என்பதற்கு அது நல்ல விடை, எப்போது என்பதற்கு அல்ல.

தொல்பொருளை நம்புவோரின் நிலை இதைவிடச் சங்கடமானது. நடு ஐரோப்பாவின் இரும்புக்காலப் பண்பாடுகளான ஹால்ஷ்டாட், லா தேன் இரண்டையுமே கெல்டியர் என்று வெகுகாலம் சொல்லிவந்தோம். ஆனால் ஸ்பெயினின் சரகோசாவுக்கு அருகே போத்தோரிட்டாவில் 1970இல் கிடைத்த வெண்கலப் பட்டயத்தின் மொழி ஐயமின்றிக் கெல்டிக். அந்த வட்டாரமோ லா தேன் பண்பாட்டுக்கு வெளியே இருக்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டளவிலேயே தொடங்கும், லெபோன்டிக் என்ற பழைய கெல்டிக் மொழியின் கல்வெட்டு முதலிய எழுத்துகளும் வட இத்தாலியின் கோலசெக்கா பண்பாட்டைச் சார்ந்தவை, ஹால்ஷ்டாட்டை அல்ல. வாள் எந்த மொழியும் பேசுவதில்லை.

ஆகவே என் வரிசையில் எழுத்துச் சான்று முதலில். அது இல்லாத இடங்களில், பேரரசர் பெயர் கலந்தவற்றை நீக்கிவிட்டு, இரு கூறும் கெல்டிக்காக உள்ள ஊர்ப்பெயர். ஆற்றுப்பெயர் துணைச்சான்றாக மட்டும். ஆனால் பெயர் இல்லை என்பதால் மொழியும் இல்லை என்று இந்த வரிசையை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. கி.மு. 278இல் சின்ன ஆசியாவுக்குள் நுழைந்த கெல்டியரான கலாத்தியர் அங்கே விட்டுச்சென்ற கெல்டிக் இடப்பெயர்கள் மிகச் சில. அவர்களின் அவை கூடிய துருநெமெத்தோன் அவற்றுள் ஒன்று, அதில் வரும் 'நெமெத்தோன்' புனிதத் தோப்பைக் குறிக்கும். இருந்தும், கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் புனித ஜெரோம், கலாத்தியரின் பேச்சு தொலைவில் ரைன் பக்கம் இருந்த திரேவரி மக்களின் பேச்சை ஏறத்தாழ ஒத்திருந்ததாகக் குறித்திருக்கிறார்.