மூன்று சின்னப் பெட்டிகள்: வாட்ஸைப் பார்த்து ஏமாறாமல் ஓர் ஒப்பீடு

வைஃபையில் பாட்டு வாங்கி, நேராக ஸ்பீக்கர் ஒயருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி (ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப்) வாங்கலாம் என்று தேடினால், முதலில் கண்ணில் படுவது மூன்று பெயர்கள்: சோனோஸ் ஆம்ப், புளூசவுண்ட் பவர்நோட், வீம் ஆம்ப். மூன்றும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வேறுபாடு எல்லோரும் தேடும் இடத்தில் இல்லை.

எல்லோரும் தேடும் இடம் வாட்ஸ். 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சேனலுக்கு சோனோஸ் 125 வாட்ஸ், பவர்நோட் (என்330 மாடல்) 80, வீம் 60 என்று போட்டிருப்பார்கள். பார்த்தவுடன் சோனோஸ் இரண்டு மடங்கு சத்தமாகப் பாடும் என்று தோன்றும். பாடாது. 60-க்கும் 125-க்கும் உள்ள இடைவெளி 3 டெசிபலைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று பட வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் ஆகும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 87 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கர் ஜோடி, நடுத்தர அறையில் நாம் நிதானமாகக் கேட்கும் அளவுக்கு ஒன்றிரண்டு வாட்ஸ்தான் கேட்கும். மிச்சமெல்லாம் திடீரென்று வரும் தவில் அடிக்கான சேமிப்பு. பெரிய ஹால், உணர்திறன் குறைந்த ஸ்பீக்கர் என்றால் சோனோஸின் கூடுதல் பலம் உதவும். மற்றவர்கள் அந்த எண்ணை மறந்துவிடலாம்.

சரி, வேறுபாடு எங்கே? முதலில் போனில். சோனோஸில் ஏர்ப்ளே 2 (ஆப்பிள் கருவிகளிலிருந்து வைஃபை வழியே பாட்டு அனுப்பும் வசதி) உண்டு, ஆனால் ப்ளூடூத் கிடையாது. வீட்டுக்கு வந்த நண்பர் தன் ஆண்ட்ராய்டு போனிலிருந்து சட்டென்று ஒரு பாட்டுப் போட நினைத்தால், முதலில் வைஃபை பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். பவர்நோட்டில் ஏர்ப்ளே 2, ப்ளூடூத் இரண்டும் இருக்கின்றன, குரோம்காஸ்ட் (கூகுளின் அதே வகை வசதி) இல்லை. 2023-இல் வந்த வீம் ஆம்ப்பில் இந்த மூன்றுமே உண்டு. அதைவிட மேல் என்று அடுத்த ஆண்டு வந்த வீம் ஆம்ப் ப்ரோவில் வைஃபை 6 சேர்த்தார்கள், ஏர்ப்ளேயை விட்டுவிட்டார்கள்! ஐபோன் வைத்திருப்பவர் 'ப்ரோ' என்ற சொல்லை நம்பி வாங்கிவிட்டுப் பிறகு கையைப் பிசைய வேண்டாம்.

ஆனால் ப்ரோவில் ஒரு உருப்படியான மாற்றம் இருக்கிறது. இந்தச் சின்னப் பெட்டிகள் கிளாஸ் டி என்ற ஆம்ப் வகை; அவற்றில் கடைசியாக ஒரு வடிகட்டி இருக்கும். சாதாரண அமைப்பில், பிழை திருத்தும் பின்னூட்டம் அந்த வடிகட்டிக்கு முன்பே நின்றுவிடும். அதனால் எந்த ஸ்பீக்கரை மாட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து உச்ச ஸ்தாயி கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ப்ரோவில் வடிகட்டிக்குப் பின்னாலிருந்து பின்னூட்டம் எடுப்பதால் இந்த ஆட்டம் குறைகிறது. நடுவயது தாண்டிய காதுகளுக்கு (என் காதையும் சேர்த்து) இது பெரிதாகத் தெரியப்போவதில்லை.

அறையின் எதிரொலியைச் சமாளிப்பதில் வீம்தான் முன்னால் நிற்கிறது. போனின் மைக்கை வைத்து அறையை அளந்து தானே சரிசெய்துகொள்ளும். பத்துப் பட்டை பாராமெட்ரிக் ஈக்வலைசரும் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) உண்டு. சோனோஸ் ஆம்ப்பில் பாஸ், ட்ரெபிள், லவுட்னஸ் மட்டுமே. ட்ரூப்ளே என்ற அதன் அறை அளவீடு, சோனான்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து அவர்கள் விற்கும் சுவர், கூரை ஸ்பீக்கர்களுக்குத்தான் வேலை செய்யும். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கருக்குச் செய்யாது. ஹை-ரெஸ் (சிடியைவிட நுணுக்கமான) கோப்புகளிலும் சோனோஸ் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. மற்ற இரண்டும் 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகின்றன. ஹார்ட் டிஸ்க் நிறையச் சொந்தமாகப் பாட்டுச் சேர்த்து வைத்திருப்பவருக்கு என் ஓட்டு பவர்நோட்டுக்கு. அதன் புளூஓஎஸ் மென்பொருள் அந்த வகை ஆட்களை மனதில் வைத்தே செய்தது, ரூன் (பாட்டுச் சேகரிப்பை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்) ஆதரவும் உண்டு.

டிவிக்கு மூன்றிலும் எச்டிஎம்ஐ இணைப்பு இருக்கிறது, டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டலாம். சப்வூஃபருக்கும் (ஆழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) மூன்றிலும் தனி வழி உண்டு. எல்பி தட்டுப் பிரியர்களுக்குத்தான் ஏமாற்றம்: எதிலும் ஃபோனோ பகுதி (தட்டின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) இல்லை. தனியாக ஃபோனோ ப்ரீஆம்ப் வைத்தாலும், உள்ளே போன அனலாக் ஒலி டிஜிட்டலாக மாறித்தான் வெளியே வரும்.

ஒரு எச்சரிக்கை, பட்டு அறிந்தது. இந்த மாதிரிச் சின்ன ஆம்ப் ஒன்றில் (பெயர் வேண்டாம்) என் பழைய ஸ்பீக்கர் செலக்டர் பெட்டியை (ஓர் ஆம்ப்பைப் பல ஸ்பீக்கர் ஜோடிகளுக்கு மாற்றிவிடுவது) மாட்டினேன். சத்தத்தை ஏற்றியதும் டக்கென்று அணைந்தது, திரும்ப வந்தது, மறுபடி அணைந்தது. அரை நாள் ஒயரைக் கழற்றி மாட்டிய பிறகுதான் உறைத்தது: இந்த கிளாஸ் டி ஆம்ப்களில் பெரும்பாலானவை பிரிட்ஜ் முறையில் ஓடுபவை. கறுப்பு முனையிலும் சிக்னல் ஓடும், அது கிரவுண்ட் அல்ல. பழைய செலக்டரோ இடது வலது இரண்டு கறுப்பையும் உள்ளே ஒன்றாகக் கட்டியிருந்தது. ஸ்பீக்கர் ஒயரிலிருந்து சிக்னல் எடுக்கும் சப்வூஃபர் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாகச் செயலி. ஆம்ப் பகுதி பத்து வருடம் உழைக்கும், செயலி அப்படியல்ல. 2024 மே மாதம் சோனோஸ் தன் செயலியை அடியோடு மாற்றியபோது, ஸ்லீப் டைமர் போன்ற சாதாரண வசதிகள்கூடக் காணாமல் போயின. கூச்சல் அடங்க மாதக்கணக்கானது. 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பாட்ரிக் ஸ்பென்ஸ் பதவி விலகினார். அதற்கு முன்பே, 2020-இல், ஆம்ப்புக்கு மூத்ததான முதல் தலைமுறை கனெக்ட் ஆம்ப்பைப் பழைய எஸ்1 செயலியோடு ஒதுக்கிவிட்டார்கள். அதே வேளை, வீடு முழுக்க ஏற்கெனவே சோனோஸ் வைத்திருப்பவருக்கு வேறு பெட்டி வாங்குவது தலைவலி. எல்லா அறையிலும் ஒரே பாட்டு ஒன்றாக ஓடும் அந்தச் சுகம் அந்தக் குடும்பத்துக்குள்தான் எளிதாகக் கிடைக்கும்.

ஒரே அறை, இருக்கிற ஸ்பீக்கர் ஜோடி, கூடவே ஒரு டிவி என்றால் நான் சாதா வீம் ஆம்ப்பை எடுப்பேன். ப்ரோவை அல்ல, வீட்டில் இருப்பவை ஐபோன்கள்.