தோட்ட ரயிலுக்கு பேட்டரியும் ரேடியோவும்: குறைந்த செலவில் எது சரிப்படும்?

தண்டவாளத்தில் கரன்ட் கொடுத்துத் தோட்ட ரயில் (தோட்டத்தில் ஓடும் மாடல் ரயில்) ஓட்டுபவர்களுக்குத் தெரியும், ரயில் ஓடும் நேரத்தைவிட நாம் தண்டவாளம் துடைக்கும் நேரம்தான் அதிகம். பேட்டரியை எஞ்சினுக்குள் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை போகும். அதை எதை வைத்து ஓட்டுவது?

மிக மலிவானது, பழைய ரிமோட் பொம்மைக் காரின் போர்டு. அவற்றில் பல, ஒன்று முழு வேகம், இல்லையென்றால் நிறுத்தம். எஞ்சின் வெடுக்கென்று பாயும், பெட்டிகளின் கொக்கி கழன்றுவிடும். நான் சீக்கிரமே விட்டுவிட்டேன்.

வைஃபை, புளூடூத் உள்ள சிறு கணினி போர்டான இஎஸ்பி32-வோடு, மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவர் போர்டைச் சேர்த்து போனிலிருந்து ஓட்டலாம். செலவு குறைவு, விளக்கு, சத்தம் எல்லாம் நம் இஷ்டம். டிரைவரை மட்டும் பார்த்து வாங்குங்கள். பலரும் எடுக்கும் எல்298 சுமார் 2 வோல்ட்டைச் சூடாகவே தின்றுவிடும், 7.4 வோல்ட் பேட்டரிக்கு அது பெரிய நஷ்டம். எனக்கு ஒத்துவராதது போன் திரைதான். வெயிலில் ஒன்றும் தெரியாது, விரலுக்கும் பிடி கிடைக்காது. திரையைப் பார்க்கக் குனிந்த நேரத்தில் எஞ்சின் வளைவுக்குள் போய்விடும்.

ரயிலுக்கென்றே செய்த ரேடியோ ரிசீவர்களை வைத்தால் எஞ்சின் அருமையாக ஊர்ந்து ஓடும். ஆனால் நான்கைந்து எஞ்சின் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது.

என் தேர்வு, 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹாபி ரிமோட்டும் பிரஷ் மோட்டாருக்கான ஈஎஸ்சியும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு). கார் ஈஎஸ்சிகளில் பல, பின்னோக்கித் தள்ளினால் முதலில் பிரேக் போடும், மறுபடி தள்ளினால்தான் ரிவர்ஸ். ஷன்டிங் செய்யும்போது, அதாவது பெட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்திச் சேர்க்கும்போது, எரிச்சல் வரும். படகு வகையில் அது இல்லை. பெரும்பாலானவற்றில் பெக் (மோட்டார் பேட்டரியிலிருந்தே ரிசீவருக்குக் கரன்ட் தரும் பகுதி) இருப்பதால் ரிசீவருக்குத் தனி பேட்டரியும் வேண்டாம். ஸ்பிரிங் வைத்த குச்சியை விட்டால் அது நடுவுக்கு வந்து ரயில் நின்றுவிடும்; அதனால் ஈஎஸ்சியை, ரிமோட்டின் திருகு குமிழ் இயக்கும் ரிசீவர் சேனலில் செருகுங்கள். குமிழ் நடுவில் நின்றால் நிறுத்தம், ஒருபுறம் முன்னோக்கி வேகம், மறுபுறம் பின்னோக்கி வேகம். பார்க்காமலே விரல் பழகிவிடும்.

ரிசீவரின் ஆன்டெனா முனையில் உறை உரித்த சுமார் 31 மில்லிமீட்டர்தான் சிக்னலை வாங்குவது. என் எஞ்சினில் அது பித்தளை பாய்லருக்குள் கிடந்தது, பத்தடி போவதற்குள் தொடர்பு அறுந்தது. பிளாஸ்டிக் கூரைக்கடியில் நிமிர்த்தி ஒட்டியதும் தோட்டம் முழுக்கச் சிக்னல் கிடைக்கிறது.

வாங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. ஓடும் மோட்டாரின் சக்கரத்தை ஒரு நொடி பிடித்து, மல்டிமீட்டரில் ஆம்பியர் பாருங்கள். ஈஎஸ்சி அதைவிடத் தாராளமாகத் தாங்க வேண்டும். பொருத்திய பிறகு சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவைத்து, ஓடும்போதே ரிமோட்டை அணையுங்கள். சக்கரம் நிற்கவில்லையென்றால் ஃபெயில்சேஃபை (சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் அமைப்பு) சரிசெய்யாமல் தண்டவாளத்தில் விடாதீர்கள்.