தனி இதழா, தொகுப்பா?

அமெரிக்கக் காமிக்ஸுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். தனி இதழ் பெரும்பாலும் மாதம் ஒன்று வரும்; ஸ்டேப்ளர் அடித்த மெல்லிய புத்தகம், சுமார் 20 பக்கக் கதை, நடுநடுவே விளம்பரம், ஹீரோ கூரையிலிருந்து விழும் நேரம் பார்த்து 'தொடரும்'. அதே இதழ்களில் ஐந்தாறைச் சேர்த்து, விளம்பரங்களை எடுத்துவிட்டு ஒரே புத்தகமாகப் போட்டால் தொகுப்பு, டிரேட் பேப்பர்பேக் என்பார்கள். கதை மட்டும் போதுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்குங்கள்.

ஆனால் ஒன்று. காமிக்ஸ் கடைக்காரர்கள் தனி இதழ்களுக்கு முன்கூட்டியே கொடுக்கும் ஆர்டரை வைத்துத்தான் ஒரு தொடரின் ஆயுள் பெரும்பாலும் முடிவாகிறது, விற்காததைத் திருப்பித் தரவும் பொதுவாக வழியில்லாததால் அவர்கள் புதிய பெயர்களுக்குப் பயந்து பயந்துதான் ஆர்டர் போடுவார்கள். எல்லோரும் தொகுப்புக்குக் காத்திருந்தால் நல்ல தொடர்கூடப் பாதியில் நின்றுவிடும். அதனால் அறிமுகமில்லாத ஓர் எழுத்தாளரைப் பிடித்துப்போனால், தயவுசெய்து தனி இதழையே முன்பதிவு செய்யுங்கள்.